வீட்டுக்குள் இருக்கச் சொல்கிறீர்களே!

வேலூரில் ஷீட் வீடுகளிலும் மேல்மாடி வாடகை வீடுகளிலும் குடியிருப்போரின் கோடைக் கோரிக்கைச் சாசனம்

பெறுவோர்: தமிழ்நாடு அரசு, மாநகராட்சி, மின்வாரியம், பீடிக் கம்பெனிக்காரர்கள், எங்கள் வீட்டு உரிமையாளர்கள்.

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஒரு கேலி சொல்வார்கள். கோட்டை இருக்கும், ராஜா இருக்கமாட்டார். கோயில் இருக்கும், சாமி இருக்கமாட்டார். ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது. மலை இருக்கும், மரம் இருக்காது. இதில் சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றுக்குத் தண்ணீர் எப்போதாவது வருகிறது. 2021 நவம்பரில் வெள்ளமாகவே வந்து போனது. மலைக்கு மரம்தான் இன்னும் வரவில்லை. பகல் முழுக்கக் காய்ந்த அந்த மொட்டைப் பாறைகளுக்கு அடியில், அவற்றின் சூட்டை முதுகில் வாங்கிக்கொண்டு குடியிருக்கிறவர்கள் நாங்கள்.

ஏப்ரல் பிறந்தால் அறிவிப்பு வந்துவிடும்: பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள், வீட்டிலேயே இருங்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை எழுதியவர் எந்த வீட்டை மனதில் வைத்து எழுதினார் என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் வீடு பத்துக்குப் பத்தில் ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே தொழில். கைக்கெட்டும் உயரத்தில் சிமெண்ட் ஷீட். மதியம் மல்லாந்து படுத்தால் யாரோ தோசைக்கல்லைக் கவிழ்த்து முகத்துக்கு நேரே பிடித்திருப்பதுபோல இருக்கும். பரணில் இருக்கும் எவர்சில்வர் டப்பாவை வெறுங்கையால் தொட முடியாது. போன கோடையில் ஒரு வீட்டில், கரண்ட் போனால் ஏற்றலாம் என்று அலமாரியில் வைத்திருந்த மெழுகுவத்தி நின்ற இடத்திலேயே தலைகுப்புற வளைந்து கிடந்தது. வெளியே வேப்பமர நிழலில் நிற்பவர் எங்களைவிடச் சுகமாக இருக்கிறார். "வீட்டுக்குள் போ" என்பது எங்கள் காதில் வேறு மாதிரி விழுகிறது.

மேல்மாடி காங்கிரீட் வீட்டில் இருப்பவர் பாடு இன்னொரு விதம். ஷீட் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். காங்கிரீட் தளம் அப்படியல்ல. பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, சூரியன் போன பிறகு கீழே கக்குகிறது. இரவு பதினொரு மணிக்குச் சுவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள், காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருக்கும். மின்விசிறியைப் போட்டால் அந்தச் சூட்டையே கீழே தள்ளுகிறது. விடிகாலை நாலு மணிக்குத்தான் கண் அசரும். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால் எழுந்தாக வேண்டும்.

எனவே நாங்கள் சொல்ல வருவது இது: வெயிலை நீங்கள் தெருவில் தேடுகிறீர்கள், அது எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. பகலில் தேடுகிறீர்கள், அது இரவில் இருக்கிறது. கீழே கேட்டிருப்பவை எல்லாம் இதிலிருந்து வருபவை.

அளப்பதைப் பற்றி

பேப்பரில் "வேலூரில் 106 டிகிரி" என்று போடுகிறார்கள். அது வானிலைத் துறை காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், திறந்த வெளியில், நிழலில் வைத்து அளந்த சூடு. அறிவியலுக்கு அதுதான் சரி. ஆனால் அந்தப் பெட்டியில் யாரும் குடியிருப்பதில்லை. சமவெளியில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினாலோ, நேராக 45 டிகிரியைத் தொட்டாலோதான் வெப்ப அலை என்று சொல்வார்கள். வேலூரில் மே மாதம் வழக்கமே அதிகம். அதனால் எங்களுக்கு அலை என்று பெயர் சூட்டப்படாத நாட்களும் சுடத்தான் செய்கின்றன. "வெப்ப இரவு" என்றும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பகல் 40 டிகிரியைத் தாண்டி, இரவின் குறைந்தபட்சமும் வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் அது. நல்ல கணக்கு. அந்த இரவு எச்சரிக்கை பகல் எச்சரிக்கையைப் போலவே ஒலிபெருக்கியில் வார்டுக்கு வார்டு வர வேண்டும்.

கூடவே, ஒவ்வொரு வார்டிலும் ஷீட் வீடு, ஓட்டு வீடு, மேல்மாடி வீடு என்று கலந்து சில வீடுகளைத் தேர்ந்து சுவரில் ஒரு சாதாரண வெப்பமானியை மாட்டுங்கள். மதியம் இரண்டு மணிக்கும் இரவு பதினொரு மணிக்கும் நாங்களே பார்த்து எழுதித் தருகிறோம். ஒரு கோடைக்கு எழுதினால் போதும், எந்தத் தெருவுக்கு முதலில் வர வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும்.

கூரையைப் பற்றி

எங்கள் தாத்தா காலத்து மாடி வீடுகளில் மெத்தைத் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். அந்த வீட்டில் மதியம் பாயை விரித்தால் தூக்கம் வரும். இப்போது வாடகைக்கென்று எழுப்பும் மேல்மாடியில் காங்கிரீட் போட்ட கையோடு குடிவைத்துவிடுகிறார்கள். தட்டோட்டுச் செலவு மிச்சம். மிச்சம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைக் கூரை பெரிய விஞ்ஞானம் இல்லை. சுண்ணாம்பைக் கரைத்து, ஒட்டுவதற்குப் பசை சேர்த்து இரண்டு கோட் அடித்தால் உள்ளே சில டிகிரி குறைகிறது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்த பிறகு, 2013-இல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைப் போட்டது. 2017-இல் ஏழை வீடுகளின் கூரைக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியது. தெலங்கானா 2023-இல் இதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. நாங்கள் கேட்பது, மார்ச் 31-க்குள் மாநகராட்சி எல்லையில் உள்ள ஒவ்வொரு ஷீட் வீட்டுக்கும், தட்டோடு இல்லாத ஒவ்வொரு மேல்மாடிக்கும் அரசு செலவில் வெள்ளை பூச வேண்டும். சொந்த வீடா, வாடகை வீடா, பட்டா உண்டா என்று கேட்காமல் பூச வேண்டும். சூரியன் பட்டா பார்த்துச் சுடுவதில்லை. மழையில் கரையும், தூசு படியும், ஆகவே வருஷா வருஷம் அடிக்க வேண்டும் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். ஒரு வருஷம் அடித்து, போட்டோ எடுத்து, விட்டுப்போன திட்டங்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம்.

பூச வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கம்பி பிரஷ்ஷால் உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது. அதில் பறக்கும் நார் நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய்வரை கொண்டுபோகும். நனைத்துத் துடைத்தால் போதும். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கவும் கூடாது, பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். ஷீட் உடைந்து உள்ளே விழுந்து இடுப்பு முறிந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். கூலிக்கு வருகிறவரும் எங்களைப் போல ஒரு ஷீட் வீட்டுக்காரராகத்தான் இருப்பார்.

புதிதாகக் கட்டிக் கொடுக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும். 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஊராட்சிகளில் குடிசைகளை மாற்றிக் காங்கிரீட் வீடு தருகிறது. குடிசை போக வேண்டியதுதான். தீப்பிடித்து எரிந்ததையும், கூரையிலிருந்து பாம்பு விழுந்ததையும் நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஓலைக்குத் திரும்பு என்று யாராவது கவிதை பாடினால் எங்களுக்குக் கோபம் வரும். ஆனால் ஓலை தந்த குளிர்ச்சியைக் காங்கிரீட் தராது. மதிப்பீட்டிலேயே தட்டோட்டுக்கும் வெள்ளை ஓட்டுக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். குடிபோன பிறகு அதைச் செய்ய எங்களிடம் காசு இருக்காது.

பீடி சுற்றும் வீடுகளைப் பற்றி

இது கம்பெனிக்காரர்களுக்கு. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் எத்தனை வீட்டுத் திண்ணையில் முறம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வெளியார் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பீடி சுற்றுகிறவள் மின்விசிறி போட முடியாது.

இலையை முதல் நாளே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்கிறோம். ஈரம் இருந்தால்தான் கத்தரிக்கு வசப்படும், சுருட்டினால் உடையாது. மின்விசிறி ஓடினால் இலை மொறுமொறு என்று காயும், முறத்தில் இருக்கும் தூள் பறந்து குழந்தையின் கண்ணில் விழும். உடைந்த பீடியைக் கம்பெனியில் கழித்துவிடுவார்கள். குறைந்த இலைக்கும் தூளுக்கும் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஷீட்டுக்குக் கீழே, மதியத்தில், தலைக்கு மேல் மின்விசிறி தொங்கியும் அதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து ஆயிரம் எண்ணுகிறோம். நெற்றி வியர்வை நூலில் சொட்டும். பொதுக் கழிப்பறைக்குப் போய்வந்தால் அரைமணி நேரம் போகும் என்று தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறோம். சிறுநீர் மஞ்சளாகப் போகிறது, எரிகிறது. இதைச் சாசனத்தில் எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது. எழுதத்தான் வேண்டும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள்.

பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென்று 1966-இலேயே தனிச் சட்டம் போட்ட நாடு இது. அந்த நினைப்போடு கேட்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 15 வரை தினசரி எண்ணிக்கையைக் குறைத்து, கூலியைக் குறைக்காமல் தாருங்கள். கட்டு ஒப்படைக்கும் நேரத்தை மாற்றுங்கள். இப்போது பலர் உச்சி வெயிலில் முறத்தைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், காலை ஒன்பதுக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ வாங்கிக்கொள்ளலாம். வெயிலில் காய்ந்து உடைந்ததைக் கழிவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அரசு செய்ய வேண்டியது ஒன்று: தெருவுக்கு ஒரு பொதுக்கூடம், உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல், பக்கத்திலேயே பெண்களுக்குக் கழிப்பறை. காற்று மேலே போய்விடும், முறத்தின் மேல் அடிக்காது. அங்கே உட்கார்ந்து சுற்றுகிறோம்.

கரண்டைப் பற்றி

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண மின்விசிறி 75 வாட். கோடையில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்துக்கு 81 யூனிட். இரண்டு மின்விசிறி என்றால் 162. 2016 முதல் கிடைக்கிற 100 யூனிட் இலவசம் மின்விசிறிக்கே பத்தவில்லை. அதே வேலையை 30 வாட்டில் செய்யும் பி.எல்.டி.சி. மின்விசிறி இரண்டு ஓடினால் 65 யூனிட்டுக்குள் முடிகிறது. மீதியில் விளக்கும் மிக்சியும் ஓடும். விலைதான் கைக்கு எட்டவில்லை. 2011-இல் வீட்டுக்கு வீடு மின்விசிறி கொடுத்த மாநிலம் இது. அதில் பல இன்று கழுத்து உடைந்து பரணில் கிடக்கின்றன. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, குறைந்த கரண்டில் ஓடுவதைக் கொடுங்கள். மின்வாரியத்துக்கும் மாலை நேரப் பளு குறையும். தானம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் மின்விசிறியால் எல்லாம் ஆகிவிடாது என்பதும் தெரியும். அறைக்குள் 40 டிகிரி தாண்டினால் அது காற்றை அல்ல, அனலை அடிக்கிறது. உலக சுகாதார நிறுவனமே அந்த அளவுக்கு மேல் மின்விசிறி உதவாது என்கிறது. அதனால்தான் கூரையை முதலில் எழுதினோம்.

வாடகைக்காரர்களுக்கு அந்த 100 யூனிட்டும் வந்து சேருவதில்லை. நாலு குடித்தனம், ஒரே மின் இணைப்பு, உள்ளே சப் மீட்டர், யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொன்ன விலை. அவரைக் கேட்டால் அவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. நாலு குடித்தனமும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அடுக்கே மாறி எகிறிவிடுகிறது. ஆகவே குடித்தனத்துக்கு ஒரு மீட்டர், ரேஷன் அட்டையைக் காட்டினால் தர வேண்டும். மாதாமாதம் கணக்கெடுப்பு என்று 2021 தேர்தலில் சொன்னதையும் நினைவூட்டுகிறோம்.

இரவு பத்துக்கு மேல் வோல்டேஜ் இறங்கி, மின்விசிறி இறக்கையை எண்ணிப் பார்க்கும் வேகத்தில் சுற்றும் தெருக்களில் டிரான்ஸ்பார்மரை மார்ச்சிலேயே மாற்றிவிடுங்கள். பராமரிப்பு மின்தடையை மே மாத மதியத்தில் வைக்காதீர்கள். கம்பியில் உரசுகிறது என்று கிளை வெட்டுவதை ஜனவரியில் வெட்டுங்கள். ஏப்ரலில் வந்து புங்கமரத்தை மொட்டையடித்துவிட்டுப் போனால் அந்தக் கோடை முழுவதும் அந்தத் தெருவுக்கு நிழல் கிடையாது.

இரவுக்கு ஓர் இடம்

வார்டுக்கு ஒரு பள்ளிக்கூடமோ சமுதாயக்கூடமோ மே மாதம் பூட்டித்தான் கிடக்கிறது. இரவு எட்டு மணிக்குத் திறந்து காலை ஆறுக்கு மூடுங்கள். தரைத்தள அறையாக இருக்கட்டும். கழுவிவிட்ட தரை, மின்விசிறி, குடிதண்ணீர், கொசுவலை, பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெண் காவலர் போதும், ஏ.சி. வேண்டும் என்று அடம் பிடிக்கவில்லை. கைக்குழந்தைக்காரிகளுக்கும் முதியோருக்கும் முதலிடம். மோர்ப்பந்தல் திறப்பு விழாவுக்குச் செலவாகும் பிளெக்ஸ் காசில் பாதி இதற்குப் போதும் என்பது எங்கள் மதிப்பீடு.

தண்ணீர்

குழாயில் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்னதாகத் தெரிய வேண்டும். மாடியில் இருக்கும் கருப்புத் தொட்டியின் தண்ணீர் மாலை நாலு மணிக்குக் கை பொறுக்காது, அதில் குழந்தையைக் குளிப்பாட்ட முடியாது. தொட்டிக்கும் அதே சுண்ணாம்பை அடித்து, மேலே ஒரு கீற்றுப் பந்தல் போட்டுத் தாருங்கள்.

உடம்பைப் பற்றியும் சாவைப் பற்றியும்

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வருகிற சகோதரிகளை எங்களுக்கு நன்றாகத் தெரியும். கோடை மூன்று மாதமும் அவர்கள் பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும், நாக்கில் வைக்கும் வெப்பமானியும் இருக்கட்டும். பிரஷருக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தனியாக இருக்கும் கிழவிகள் ஆகியோருக்கு வெயில் சீக்கிரம் ஏறும். அவர்கள் பட்டியல் அந்தச் சகோதரிகளின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. எச்சரிக்கை வந்த நாளில் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கதவைத் தட்டினால் போதும். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அது "அசதி" இல்லை, உடனே உடம்பை நனைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டியது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது சொல்லிக் கொடுங்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் சொன்னது. வரவேற்கிறோம். ஆனால் நடுரோட்டில் மயங்கி விழுந்தவரை நாலு பேர் பார்த்திருப்பார்கள். இரவெல்லாம் புழுங்கி, விடிகாலையில் பாயிலேயே அடங்கிப்போன கிழவரை யார் பார்த்தார்கள்? "வயசாயிடுச்சு, ஹார்ட் அட்டாக்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வெப்ப எச்சரிக்கை இருந்த நாளில் வீட்டுக்குள் நடந்த ஒவ்வொரு மரணத்திலும் அறையின் கூரை எது, மின்சாரம் இருந்ததா, உடம்பு தொட்டால் சுட்டதா என்ற மூன்று கேள்வியையாவது கேட்டு எழுத வேண்டும். பணத்துக்காக மட்டும் கேட்கவில்லை. எழுதாத சாவு எந்தத் திட்டத்திலும் வராது.

மொட்டைமாடிச் சாவி

கடைசியாக வீட்டு உரிமையாளர்களுக்கு. உங்களோடு சண்டை இல்லை. அடுத்த மாதமும் உங்களுக்குத்தான் வாடகை தரப்போகிறோம்.

மாலை ஆறு மணிக்கு மாடியில் நாலு குடம் தண்ணீர் தெளித்தால் இரவு அறை கொஞ்சம் இறங்கும். ஜன்னலில் ஈரச் சேலை கட்டினால் காற்று குளிரும். பத்து மணிக்கு மேல் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனால் இரண்டு மணி நேரமாவது தூங்கலாம். அதற்கு மாடிக் கதவு திறந்திருக்க வேண்டும். கேட்டால், "சாவி எங்க மாமனார்கிட்ட இருக்குதும்மா, அவர் தூங்கிட்டார்." மறுநாள் கேட்டால், "மேல சின்டெக்ஸ் இருக்குது, பசங்க மூடியைத் தொறந்துடுவாங்க." மூடிக்கு நாங்களே பூட்டு வாங்கித் தருகிறோம். ஏப்ரல் முதல் ஜூன் வரை மாடிச் சாவியின் நகல் ஒன்று ஒவ்வொரு குடித்தனத்திடமும் இருக்கட்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிக்கு அது கட்டும்வரை கேட்கமாட்டோம். மேலே வெள்ளை பூச ஆள் வந்தால் தடுக்காதீர்கள். பூசியதைக் காட்டி வாடகையை ஏற்றாதீர்கள்.

அக்னி நட்சத்திரம் வழக்கம்போல மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கும். பிப்ரவரி கடைசிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். சுண்ணாம்பு ஊறவும் ஆள் பிடிக்கவும் மார்ச் மாதம் சரியாக இருக்கும். நேரில் ஆய்வு செய்ய வருவதானால் காலை பத்து மணிக்கு ஜீப்பில் வந்து வாசலோடு போக வேண்டாம். ஒரு மே மாத இரவு பதினொரு மணிக்கு வாருங்கள். உள்ளே வந்து பாயில் உட்காருங்கள், சுவரைத் தொட்டுப் பாருங்கள், பானைத் தண்ணீர் தருகிறோம். மாடியையும் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கீழ்வீட்டில் சாவி கேட்டு வைக்க வேண்டும்.